இறுக்கிப் பிடிங்க சார்!

நலத்திட்ட நிபந்தனைகளை இறுக்க வேண்டுமா, தளர்த்த வேண்டுமா என்பதில் ஆர்.கே.பேட்டையில் கருத்து வேறுபாடே கிடையாது. கருத்துக் கேட்கப்படுகிறவர்கள் அத்தனை பேரும் இறுக்கச் சொல்கிறார்கள். கேட்கப்படாதவர்கள் ரேஷன் கடை மிஷினில் கைரேகை விழுமா விழாதா என்று வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள்.

இங்கே பொதுமக்கள் என்றால், காலை ஏழு மணிக்கு டீக்கடை பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார நேரம் வாய்த்தவர்கள். முதல் இடம் ஓய்வுபெற்ற ஒரு சாருக்கு. எந்த இலாகா என்று எழுதினால் அந்த இலாகாவே திரண்டு வரும். சார் என்றே இருக்கட்டும். அடுத்து, விசைத்தறி முதலாளி ஒருவர். மூன்றாமவர், இருந்த நஞ்சையை எல்லாம் பிளாட் போட்டு விற்றுத் தீர்த்துவிட்டு, விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லையே என்று வருந்துகிறவர். நாலாவது ஒரு பையன். ஒரகடத்தில் கான்டிராக்ட் வேலை. நைட் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கி, தூங்கப் போவதற்கு முன் பத்து நிமிஷம் நாட்டுக்காகக் கவலைப்படுவான். இப்படி ஒரு பெஞ்சு பொதட்டூர்பேட்டையிலும் உண்டு, பள்ளிப்பட்டிலும் உண்டு. உங்கள் ஊரில் இல்லை என்றால் சொல்லுங்கள், குடிவந்துவிடுகிறேன்.

"ஆயிரம் ரூபா குடுத்துக் குடுத்து பொம்பளைங்களக் கெடுத்துட்டாங்க சார். களை எடுக்க ஒரு ஆள் வருதா?" என்பார் நிலம் விற்றவர்.

"ஓசியில குடுத்தா சோம்பேறிதான் ஆவான்" என்பார் தறி முதலாளி.

"தகுதி உள்ளவங்களுக்கு மட்டும்தான் குடுக்கணும். இறுக்கிப் பிடிக்கணும்" என்று சார் தீர்ப்பு எழுதுவார். பையன் தலையாட்டுவான்.

ஓசி என்று பெண்களின் கட்டணமில்லாப் பஸ் பயணத்தைப் பற்றி 2022-ல் ஓர் அமைச்சரே மேடையில் சொன்னார். பொன்முடி. தமிழ்நாடு முழுக்க வாங்கிக் கட்டிக்கொண்டு பிறகு வருத்தம் தெரிவித்தார். எங்கள் பெஞ்சு இன்னும் தெரிவிக்கவில்லை.

சரி, தகுதியையே பார்த்துவிடுவோம். தறி முதலாளிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் மின்சாரம் இலவசம். முன்பு 750-ஆக இருந்தது, 2023 மார்ச்சில் ஏற்றினார்கள். தறித் தொழில் கிடக்கும் கிடைக்கு அது வேண்டும்தான், அதில் எனக்கு வழக்கு இல்லை. அந்தக் கரன்டில் ஓடும் தறியின் சத்தத்துக்கு மேலே கத்திக்கொண்டு அடுத்தவளை ஓசி என்கிறாரே, அந்த வாய்தான் ஆச்சரியம். நிலம் விற்றவர் வீட்டில் நாலு ஏசி. அவர் பில்லிலும் முதல் 100 யூனிட் கழிந்துதான் வருகிறது. 2016 முதல் எல்லா வீட்டுக்கும் அப்படித்தான். போயஸ் கார்டன் பங்களாவுக்கும் அதே 100, அம்மையார்குப்பத்து ஓட்டு வீட்டுக்கும் அதே 100. அதற்கு விண்ணப்பம் இல்லை, விசாரணை இல்லை, "உனக்குத் தகுதி இல்லை" என்று எஸ்.எம்.எஸ். வருவதும் இல்லை. மேலே போகிற காசுக்குக் கதவு கிடையாது, கீழே வருகிற காசுக்கு ஏழு பூட்டு.

அந்த ஆயிரம் ரூபாய்க்கு எத்தனை பூட்டு என்று பெஞ்சுக்காரர்கள் யாருக்கும் தெரியாது, அவர்கள் விண்ணப்பித்ததில்லை. 2021 தேர்தலில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் என்று வாக்குறுதி. ஓட்டு எண்ணி ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து, 2023 பட்ஜெட்டில் வாக்குறுதிக்கு நிபந்தனை முளைத்தது. வருஷ வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். நஞ்சை 5 ஏக்கர், புஞ்சை 10 ஏக்கர் தாண்டக் கூடாது. வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3600 யூனிட்டுக்குள். கார் கூடாது, டிராக்டர் கூடாது. ஒரு மீட்டரில் மூன்று குடித்தனம் ஓடும் கும்மிடிப்பூண்டி லைன் வீட்டில் அந்த 3600-ஐ யார் தலையில் எழுதுவது என்று விண்ணப்பப் படிவம் கேட்கவில்லை. வீட்டில் கிழவிக்கு முதியோர் பணம் வருகிறதா, அப்படியானால் மருமகளுக்குக் கிடையாது என்றும் முதலில் ஒரு விதி இருந்தது. கிழவியைச் சாகச் சொல்கிறார்களா என்று ஊரே கேட்ட பிறகு, 2023 ஆகஸ்டில் அதைத் தளர்த்தினார்கள். விண்ணப்பித்தவர்கள் 1.63 கோடி. செப்டம்பர் 15-ல் காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது கிடைத்தவர்கள் 1.06 கோடி. மிச்சப்பேருக்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு என்ற வழி இருந்தது. ஆயிரம் ரூபாய்க்கு மேல்முறையீடு செய்ய ஒரு நாள் தறிக்கூலியை விட்டுவிட்டு இ-சேவை மையத்தில் போய் உட்கார வேண்டும்.

இந்தத் தொகைக்கு வயது வரம்பு 21. இதே அரசாங்கம் நடத்தும் இன்னொரு கவுன்டரிலும் வயது வரம்பு 21-தான். அங்கே வருமானச் சான்று வேண்டாம். எத்தனை யூனிட், எத்தனை ஏக்கர் என்று யாரும் கேட்பதில்லை. காரில் வந்தால் இன்னும் நல்லது. டாஸ்மாக்கில் தகுதியில்லை என்று தமிழ்நாட்டில் எந்தக் குடிமகனும் இதுவரை திருப்பி அனுப்பப்பட்டதில்லை. 2024-25-ல் அந்தக் கவுன்டர் அரசுக்குக் கொண்டுவந்து கொட்டியது 48,344 கோடி ரூபாய். அதற்கடுத்த ஆண்டு பட்ஜெட்டில் இந்த மகளிர் தொகைக்கு ஒதுக்கியது 13,807 கோடி. இதில் யார் யாருக்கு ஓசியில் சோறு போடுகிறார்கள் என்று சார் ஒருநாள் கணக்குப் போட்டுச் சொல்லட்டும், அவர் கணக்கில் கெட்டி.

இறுக்குவதும் தளர்த்துவதும் பொருளாதாரம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா? அது பஞ்சாங்கம். பொங்கல் பணத்தையே பாருங்கள். 2021 தேர்தல் ஆண்டு, 2500 ரூபாய். 2022-ல் 21 பொருள் அடங்கிய பை, காசு கிடையாது. 2023-ல் ஆயிரம். 2024 மக்களவைத் தேர்தல், ஆயிரம். 2025-ல் பச்சரிசி, சர்க்கரை, கரும்பு, அவ்வளவுதான்; கஜானாவில் கஷ்டம். 2026 சட்டமன்றத் தேர்தல், 3000 ரூபாய். கஷ்டம் எங்கே போனது என்று கஜானாவுக்கே தெரியவில்லை. மகளிர் தொகையும் அதே பஞ்சாங்கப்படிதான். 2023-ல் தகுதியில்லாமல் இருந்தவர்களில் கிட்டத்தட்ட 17 லட்சம் பேருக்கு 2025 டிசம்பரில் திடீரென்று தகுதி வந்துவிட்டது. அவர்கள் ஏழையானது 2025-லா? தேர்தல் நெருங்க நெருங்க ஏழ்மை கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும், அவ்வளவுதான்.

இதில் கழகம், தாமரை என்று வித்தியாசம் பார்க்க வேண்டாம். 2022 ஜூலையில் உத்தரப் பிரதேசத்தில் ஒரு நெடுஞ்சாலையைத் திறந்துவைத்த பிரதமர், இலவசம் என்னும் மிட்டாய்க் கலாசாரம் நாட்டுக்கு ஆபத்து என்று எச்சரித்தார். இரண்டு வருஷத்தில் மகாராஷ்டிரத்தில் அவர் கூட்டணி அரசே பெண்களுக்கு மாதம் 1500 ரூபாய் கொடுத்தது. தேர்தலுக்கு முன் வயது வரம்பு தளர்ந்தது, நில வரம்பு தளர்ந்தது. ஜெயித்த பிறகு சலிக்க உட்கார்ந்தார்கள். 2025 ஜூலையில் பார்த்தால் மகளிர் பணம் வாங்கியவர்களில் 14,298 பேர் ஆண்கள்! தேர்தல் வரைக்கும் மீசை அதிகாரி கண்ணில் படவில்லை. 2025 செப்டம்பரில் பிகார். 75 லட்சம் பெண்களுக்குத் தலா 10,000 ரூபாய், தேர்தலுக்கு வாரக் கணக்கில் முன்னால், பிரதமர் கையாலேயே. மிட்டாய் யார் கடையில் வாங்கினது என்பதுதான் கேள்வி போலும்.

சார் மறந்துவிட்ட ஒரு கதையையும் நினைவூட்ட வேண்டும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்குக் கீழே, மேலே என்று பிரித்தபோது தமிழ்நாடு பிரிக்க மாட்டேன் என்றது. எல்லாருக்கும் அரிசி உண்டு, வேண்டியவன் வாங்கிக்கொள்ளட்டும். பிறகு 2001-ல் வந்த ஜெயலலிதா ஆட்சி இறுக்கிப் பார்த்தது. மாத வருமானம் 5000-க்கு மேல் உள்ளவர்களின் கார்டில் 'எச்' முத்திரை. எச் கார்டு என்றால் இன்றும் ஐம்பது வயதுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். 2004 மக்களவைத் தேர்தலில் 39 தொகுதியும் போயிற்று. ரிசல்ட் வந்த சூட்டிலேயே முத்திரையும் போயிற்று. அன்றைக்கு முத்திரை விழுந்த கார்டுகளில் சார் கார்டும் ஒன்று. "இது என்ன அநியாயம், ஆளைப் பிரிச்சுப் பாக்கறானுங்க" என்று இதே பெஞ்சில் அவர் கத்தியதைக் கேட்டவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். தன் கார்டில் விழுந்தால் அநியாயம், அடுத்தவள் கார்டில் விழுந்தால் நிர்வாகம்.

இறுக்கியாகிவிட்டது சார், இன்னும் எதை இறுக்க? ரேஷன் கடையில் விரல் வைத்தால்தான் அரிசி. நாற்பது வருஷம் நூலை இழுத்து இழுத்து ரேகை தேய்ந்த விரல் அது. மிஷின் சிவப்பு காட்டும். "ஈரத்தைத் துடைச்சிட்டு வைம்மா", "அந்த விரலை வைம்மா", "கண்ணைக் காட்டும்மா". உழைத்த விரல் உன் விரல் இல்லை என்கிறது மிஷின். நாள் முழுக்க டம்ளர் பிடித்த விரல் பளிச்சென்று விழுகிறது.

நூறு நாள் வேலைக்குப் போனால் போட்டோ. 2023 ஜனவரி 1 முதல் எல்லா இடத்திலும் செல்போன் ஆப்பில் காலையில் ஒரு படம், நாலு மணி நேரம் கழித்து ஒரு படம். ஏரிக்கரையில் டவர் கிடைக்காவிட்டால் வெட்டிய மண் வெட்டாத மண். அப்படி நிமிஷக் கணக்காக நேரம் பார்க்கிற சர்க்கார், கூலி கொடுக்கையில் காலண்டரைக் கழற்றி வைத்துவிட்டது. 15 நாளில் கூலி தர வேண்டும் என்பது சட்டம். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய பாக்கி 4034 கோடி. மாதக் கணக்கில் தாமதம். பத்து நிமிஷம் தாமதமாக வந்த கிழவிக்கு ஆப்சென்ட். மாதக் கணக்கில் தாமதமாக வந்த தில்லிக்கு யார் ஆப்சென்ட் போடுவது? அந்தச் சட்டத்தையே 2025 டிசம்பரில் மாற்றிப் புதுப் பெயரில் கொண்டுவந்தார்கள். காகிதத்தில் 125 நாள். விதைப்பு, அறுப்புக் காலத்தில் 60 நாள் வரை வேலையை நிறுத்திவைக்கலாம். செலவில் 40 சதவீதம் மாநிலத்தின் தலையில். விவசாயத்துக்கு ஆள் கிடைக்கவில்லை என்ற நம்ம பெஞ்சுக்காரரின் ஏக்கத்தைத் தில்லி தீர்த்துவிட்டது. அவரிடம் நிலம்தான் இல்லை.

இதையெல்லாம் விட எங்கள் பக்கத்துக்கு மட்டுமே சொந்தமான ஒரு கூத்து இருக்கிறது. பள்ளிப்பட்டைத் தாண்டினால் ஆந்திரம். பாதிக் குடும்பங்களுக்குப் பெண் கொடுத்ததும் எடுத்ததும் நகரிப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வீதியில் தமிழ். இந்தக் கோடு போட்டது 1960 ஏப்ரல் 1-ல், ம.பொ.சி.யும் மற்றவர்களும் போராடி, எல்லை பிரிக்க வந்த படாஸ்கர் பரிந்துரைத்து, திருத்தணி நமக்கு வந்தது. வந்தது நல்லதுதான். கோட்டுக்கு இந்தப் பக்கம் முதியோர் பணம் 1200 ரூபாய். 2023 ஆகஸ்டில்தான் ஆயிரத்திலிருந்து ஏறியது. கோட்டுக்கு அந்தப் பக்கம் 2024 ஜூலை 1 முதல் 4000. அதுவும் வீட்டு வாசலில் கொண்டுவந்து கையில் கொடுக்கிறார்கள். அக்கா அங்கே, தங்கச்சி இங்கே. ஆர்.கே.பேட்டைத் தங்கச்சி, எழுபதைத் தாண்டிய ஆயா, கேட்கிற கேள்வி இதுதான்: "இன்னா நைனா, எல்லைய மீட்டுக்கினு வந்தீங்களே, பென்ஷன மட்டும் இன்னாத்துக்கு அங்கியே வுட்டுட்டு வந்தீங்க?" மாதம் 2800 ரூபாய் வித்தியாசம். ஐயா படாஸ்கர், பேனாவைக் கொஞ்சம் தெற்கே நகர்த்தியிருக்கக் கூடாதா? (அக்கா வீட்டிலும் எல்லாம் தேன் இல்லை. 2025-ல் அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கு மறுபரிசோதனை நோட்டீஸ் பறந்து, ஊரே கொந்தளித்தது. கோட்டுக்கு இருபுறமும் அதிகாரியின் பேனா ஒரே கம்பெனிதான்.)

அந்த 1200-க்கும் ஆயா ஆதரவற்றவள் என்று நிரூபிக்க வேண்டும். விசாரணையில் கேட்பார்கள், புள்ள இருக்கானா? "இருக்கறான். சோறு போடறதில்ல. அதுக்கு உங்க பேப்பர்ல கட்டம் இருக்குதா?" கட்டம் இல்லை. பிள்ளை இருக்கிறான் என்ற ஒரே குற்றத்துக்காகக் கிழவி பட்டினி கிடக்கலாம். அவனை நம்பித்தான் சர்க்கார் பட்ஜெட் போடுகிறது.

ஆகவே எனக்கும் சார் கட்சிதான் பிடித்திருக்கிறது. இறுக்கலாம். எல்லாருக்கும் ஒரே கயிற்றால் இறுக்கலாம். 2019 செப்டம்பர் 20, வெள்ளிக்கிழமை. நிதியமைச்சர் கோவாவில் பேட்டி கொடுத்தார். கம்பெனி வரி 30-லிருந்து 22 சதவீதம், புதிய உற்பத்திக் கம்பெனிகளுக்கு 15. அரசுக்கு ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் இழப்பு என்று அவரே சொன்னார். நம் மகளிர் தொகையைப் போல் பத்து மடங்குக்கு மேல். எந்த முதலாளியாவது வருமானச் சான்று வாங்கத் தாலுகா ஆபீஸில் நின்றதைப் பார்த்தவர் உண்டா? 2014-15 தொடங்கி ஒன்பது நிதியாண்டுகளில் வங்கிகள் 14.56 லட்சம் கோடி ரூபாய்க் கடனைக் கணக்குப் புத்தகத்திலிருந்து நீக்கியதாக 2023 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் பதில் வந்தது. அதில் பாதிக்கு மேல் பெரிய தொழில், சேவை நிறுவனங்களின் கடன். கடனை வசூலிப்பது தொடரும் என்றும் சொன்னார்கள். தொடரட்டும். குழுவில் வாங்கிய கடனில் ஒரு தவணை தவறினால் எங்கள் பெண்கள் வீட்டு வாசலில் ராத்திரி எட்டு மணிக்கு உட்கார்ந்து வசூலிக்கிறார்களே, அந்த ஆட்களை மும்பைக்கு அனுப்பலாம்.

சிப்காட்டில் நிலச் சலுகை, மின்வரி விலக்கு, மூலதன மானியம் வாங்குகிற ஒவ்வொரு கம்பெனிக்கும் என் யோசனை இது. நிர்வாக இயக்குநர் காலை ஒன்பது மணிக்கு கேட் அருகே நின்று ஒரு போட்டோ, நாலு மணி நேரம் கழித்து ஒரு போட்டோ. டவர் கிடைக்கவில்லை என்றால் அன்றைக்கு மானியம் இல்லை. மாதத்தில் ஒருநாள் நேரில் வந்து மிஷினில் விரல் வைக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலர் பங்களாவுக்குப் போய் விசாரிப்பார்: வீட்டில் எத்தனை கார்? ஆண்டுக்கு 3600 யூனிட்டைத் தாண்டுகிறதா? புள்ள இருக்கானா? அவனும் டைரக்டரா? அப்படியானால் தகுதியில்லை, முப்பது நாளில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்துகொள்ளலாம்.

இதை பெஞ்சில் சொன்னபோது தூங்கிக்கொண்டிருந்த பையன் விழித்துக்கொண்டான். "அவங்கதான் அண்ணே நமக்கு வேலை குடுக்கறாங்க." எத்தனை வருஷமா கான்டிராக்ட் தம்பி? "அது ஆயிப்போச்சு நாலு வருஷம்." மறுபடி தூங்கிவிட்டான்.

இந்தச் சமயத்தில் உச்ச நீதிமன்றத்தையும் மறந்துவிடக் கூடாது. 2025 பிப்ரவரியில், இலவசங்களால் ஒட்டுண்ணிக் கூட்டத்தை உருவாக்குகிறோமா என்று நீதிபதி கவாய் கவலைப்பட்டார். அன்றைக்கு விசாரணையில் இருந்த வழக்கு எது தெரியுமா? நகரங்களில் வீடில்லாமல் பிளாட்பாரத்தில் படுத்திருப்பவர்களுக்கு இரவில் தங்க ஓர் இடம்.

அடுத்த மாதமே எம்.பி.க்களின் சம்பளம் ஒரு லட்சத்திலிருந்து 1.24 லட்சம் ஆனது. இரண்டு வருஷம் பின்தேதியிட்டு, 2023 ஏப்ரல் முதல். முன்னாள் எம்.பி.க்களின் ஓய்வூதியம் 25,000-லிருந்து 31,000. விலைவாசி ஏறியிருக்கிறதல்லவா, குறியீட்டெண் பார்த்து ஏற்றினார்கள். அதே மத்திய அரசு, அறுபதிலிருந்து எழுபத்தொன்பது வயது வரையுள்ள ஏழை முதியவருக்கு மாதம் தரும் பங்கு 200 ரூபாய். 2007-லும் 200, இன்றும் 200. எம்.பி. வாங்கும் துவரம்பருப்பு வேறு கடை போல, அங்கே மட்டும் விலை ஏறியிருக்கிறது.

சாருக்குப் பென்ஷன் கூடாது என்று நான் சொல்லவில்லை. முப்பத்தைந்து வருஷம் உழைத்தார், வாங்கட்டும், அகவிலைப்படியோடு வாங்கட்டும். ஐம்பது வருஷம் தறியில் நின்ற ஆயாவுக்கும் அதே நியாயம் ஏன் இல்லை என்பதற்கு மட்டும் அவர் இதுவரை பதில் சொல்லவில்லை.

போன வாரம் பெஞ்சில் சார் கொதித்துப்போய் உட்கார்ந்திருந்தார். பென்ஷன்காரர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதாக நிரூபிக்க வேண்டும், நேர்காணல் என்பார்கள். அவருக்கு அந்த மாதம் வந்துவிட்டது. விரல் வைத்திருக்கிறார், ரேகை விழவில்லை. "இன்னொரு விரலை வைங்க" என்று சின்னப் பையன் ஒருவன் சொல்லியிருக்கிறான். "சர்வீஸ் பண்ணவனைப் பாத்து நீ உயிரோட இருக்கியா, நீ நீதானான்னு கேக்கறான் சார். மனுஷனுக்கு மரியாதை வேணாமா? இதையெல்லாம் தளர்த்தணும் சார்!"

தறி முதலாளி ஆமாம் என்றார். நிலம் விற்றவரும் ஆமாம் என்றார். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.